சனிக்கிழமைப் பூட்டு

பூட்டுப் போடக் கீழே போன நித்தியானந்தன் மேலே வந்து, நடையில் கிடந்த முக்காலியில் குந்தி, இடது சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தங்கமலர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மத்தியானம்.

டென்மார்க்கில், புரொண்பியில் அவர்கள் இருந்த மாடிக் குடியிருப்பின் நிலவறையில் எல்லாருக்கும் பொதுவான சலவை இயந்திரங்கள் இருந்தன. சுவரில் ஒரு பலகை. பலகையில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு துளை. வீட்டுக்கு ஒரு சிறு பூட்டு, அதில் வீட்டு இலக்கம். எந்தத் துளையில் உங்கள் பூட்டு இருக்கிறதோ அந்த நேரம் இயந்திரம் உங்களுக்கு. முறை முடிந்ததும் பூட்டைக் கழற்றிவிட வேண்டும். அதன்பிறகு யாரும் அந்தத் துளையைப் பிடிக்கலாம். நித்தியானந்தன் சனிக்கிழமை தவறாமல் மத்தியானம் கீழே இறங்கி, சனிக்கிழமைக் காலைத் துளையிலிருந்து பூட்டைக் கழற்றி, மூச்சு விடுகிற நேரம்கூட வைக்காமல் அதே துளையில் மறுபடி போட்டுவிட்டு வருவார். அவர்களுடைய குளியலறையில் சொந்த இயந்திரம் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. கீழே உள்ள இயந்திரத்தில் அவர் ஒரு கைலேஞ்சிகூடத் தோய்த்ததில்லை. மேல்மாடி பிர்கித்துக்குச் சனிக்கிழமைக் காலை கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான். படிக்கட்டெல்லாம் கறி மணக்கிறது என்று எப்போதோ ஒரு கூட்டத்தில் சொன்னவள் பிர்கித்.

"இண்டைக்கும் வந்து பாத்திட்டுப் போயிருப்பாள்," என்றார் நடையிலிருந்து. குரலில் கள்ளத் திருப்தி.

மனுசன் தன் வாழ்நாளில் வென்ற யுத்தம் இதுதான் என்று தங்கமலர் நினைத்தாள். சொல்லவில்லை. சொல்ல வேறொன்று இருந்தது.

"இஞ்சருங்கோ, கூட்டம் வருது. இந்தமுறையெண்டாலும் ஓம் எண்டு அட்டையைத் தூக்குவீங்களோ?"

"பொறு. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாறன்."

அவள் பொறுத்தாள். வெங்காயம் முடிந்தது, பச்சைமிளகாயும் முடிந்தது. இந்தப் பேச்சை எடுத்தால் சுவர் அதிரக் கத்துகிற மனிதர் இவ்வளவு நேரம் யோசிக்கிறாரே, மனம் மாறிவிட்டதோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. கத்தியைக் கழுவி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். தொங்கிய கோட்டுகளுக்குள் முகத்தைச் சாய்த்தபடி, ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் மேசுமாக, அவர் போய்விட்டிருந்தார்.

அவள் கேட்டது நிலத்தைப் பற்றி. வீடு அவர்களுடையது. இரண்டு சம்பளத்தையும் காட்டினால்தான் கடன் என்று வங்கி சொன்னதால் வீட்டு உறுதிப்பத்திரத்தில் அவளுடைய பெயரும் இருந்தது. ஆனால் வீட்டுக்குக் கீழே இருந்த மண் கொம்யூனுக்கு, அதாவது நகரசபைக்குச் சொந்தம். அந்தக் கட்டிடங்களை எழுப்பிய காலத்தில் நீண்ட தவணைக்குக் குத்தகையாகக் கொடுத்தது. தவணை முடிகிற வருடம் இப்போது கண்ணுக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. முடிந்தால் நிலத்தைக் கட்டிடத்தோடு கொம்யூன் எடுத்துக்கொள்ளலாம். அதனால் அங்கே வீடு வாங்க நினைப்பவனுக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது. விற்க நினைப்பவனுக்கு விலை வராது. எல்லாரும் சேர்ந்து ஒரு தொகை கட்டினால் இன்னொரு தலைமுறைக்குக் குத்தகையை நீட்டித் தருவதாகக் கொம்யூன் சொல்லியிருந்தது. அதற்கு வீட்டுக்காரர் சங்கக் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். வீட்டுக்கு ஒரு அட்டை. ஏற்கெனவே இரண்டு தடவை சில அட்டைகளால் தோற்றிருந்தது. அதற்குள் நாங்கள் செத்துப்போவோம், எங்களுக்கெதற்கு என்ற கிழவர்கள் ஒருபுறம். நித்தியானந்தன் மறுபுறம்.

கிழவர்களுடைய நியாயமாவது நியாயம். நித்தியானந்தனுடையது வேறு. வீடு வாங்கிய நாளிலிருந்து ரண்டர்ஸில் இருந்த தமையனுக்கும், கனடாவில் இருந்த மச்சான்மாருக்கும், யாழ்ப்பாணத்தில் தொலைபேசியை எடுத்தவர் எல்லாருக்கும் அவர் சொல்லிவந்தது, 'சொந்த வீடு, சொந்த வளவு' என்று. மூன்றாம் மாடியில் வளவு. பல்கனியில் ஒரு கறிவேப்பிலைச் சாடி இருந்தது, அதுதான் வளவு. குத்தகையை நீட்ட ஓம் என்று அட்டை தூக்கினால் மண் தன்னுடையதல்ல என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அந்த மண்டபத்தில் வேறு தமிழர் எவரும் இல்லை. ஆனாலும் அவர் தூக்கவில்லை. தன்னுடைய பொய்யைத் தானே நம்பிவிட்ட மனிதனை வாக்கெடுப்பில் வெல்ல முடியாது.

தங்கமலருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். சாகும்வரைக்கும் அந்த வீட்டில் இருக்க வேண்டும். எழும்பு, வா, எங்களோடு இரு என்று ஒருவரும் அவளைப் பெட்டிபோலத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது.

தமையன் பரராசசிங்கம் அன்று பின்னேரமே ரண்டர்ஸிலிருந்து மனைவி விமலாதேவியோடு வந்து இறங்கினார். வந்தவுடன் தங்கமலரின் படுக்கையறையைப் பிடித்தார். பிறகு இழவைப் பிடித்தார். அவர் ஊரில் ஒரு சங்கத்துக்குத் தலைவர். தலைவராக இல்லாமல் ஓரிடத்தில் ஐந்து நிமிடம் அவரால் இருக்க முடியாது. மரண அறிவித்தலை அவரே எழுதினார். அதில் நித்தியானந்தன் ஒரு 'சமூக சேவையாளர்' ஆனார். பரராசசிங்கம், சங்கத் தலைவர் பதவியும் அடைப்புக்குள் வர, இரண்டாம் வரியிலேயே வந்தார். மனைவி தங்கமலருக்கு இடம் மாமா மாமி பெயர்களெல்லாம் கழிந்த பிறகு கிடைத்தது. படத்தையும் அவர்தான் தெரிந்தெடுத்தார். ஏதோ ஒரு கலியாணவீட்டுப் படத்தில் பக்கத்தில் நின்றவரை வெட்டி எடுத்தது. வெட்டியவன் அவசரக்காரன். சந்தனப் பொட்டோடு சிரிக்கும் நித்தியானந்தனின் தோளில், மோதிரம் போட்ட ஒரு கை மட்டும் எஞ்சியிருந்தது. கை பரராசசிங்கத்தினுடையது.

எரிப்பதற்கு வியாழக்கிழமைதான் இடம் கிடைத்தது. எட்டாம் நாள் சடங்கான எட்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது, செத்த நாளிலிருந்தா எரித்த நாளிலிருந்தா என்று ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. பரராசசிங்கம் கனடாவுக்கும் லண்டனுக்கும் எடுத்துக் கதைத்தார். கடைசியில் எரித்த நாளிலிருந்து என்று தீர்ப்பானது. அதன்படி எட்டு அடுத்த வியாழக்கிழமை. அதே வியாழக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்குத்தான் சங்கக் கூட்டம்.

பரராசசிங்கத்தின் மகன் லவன் மூன்றாம் நாள் வந்தான். வங்கியில் வேலை. பெட்டியில் சித்தப்பா கிடக்க வந்து அழுதவன், அழுது முடிந்ததும் யன்னல்களைத் திறந்து மூடிப் பார்த்தான். பல்கனிக் கம்பியை ஆட்டினான். இருந்தவர்கள் தேவாரம் பாடிக்கொண்டிருக்க, விறாந்தையை ஒரு சுவரிலிருந்து மறுசுவர்வரை மெதுவாக நடந்து அளந்தான். துக்கத்தில் நடக்கிறான் என்று விமலாதேவி அக்கம்பக்கத்துக்குச் சொன்னாள். அளந்து முடிந்தபிறகு தங்கமலருக்குப் பக்கத்தில் வந்து இருந்தான்.

"சித்தி, இது நிலமில்லாத வீடு. சித்தப்பா உங்களுக்குச் சொல்லாமல் இருந்திருப்பார். இன்னும் கொஞ்சக் காலம் போக ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டினம். நான் எடுக்கிறன்."

"நீயோ?"

"உங்களுக்காகத்தான். வெளியாக்களிட்டைப் போகக்கூடாதல்லோ. நீங்கள் உங்கட மகளோட ஒடென்சேயில நிம்மதியா இருங்கோ."

தங்கமலர் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் கோழிக்காலுக்குச் சண்டை பிடித்த முகம். அப்போதும் இப்படித்தான், மற்றப் பிள்ளைகளுக்கு எலும்பு தொண்டையில் சிக்கிவிடும் என்று கவலைப்பட்டுத்தான் எல்லாக் காலையும் தன் கோப்பையில் எடுத்து வைப்பான். வியாழக்கிழமை குத்தகை நீண்டால் இந்த வீட்டின் விலை என்னவாகும் என்று வங்கிக்காரனுக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் கேட்கவில்லை. யோசிப்பதாகச் சொன்னாள். அவன் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு, எட்டு முடிந்த கையோடு ஒரு தாள் கொண்டுவருவதாகவும், இப்போதைக்கு ஒரு வாக்குறுதி மாதிரி ஒரு கையெழுத்து போதும் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

கூட்டத்துக்குத் தான் போக வேண்டும் என்று அவள் சொன்னபோது பரராசசிங்கம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கூட்டமோ? செத்தவீட்டுத் துடக்குக்கை? பிள்ளை, முப்பத்தொண்டு முடியுமட்டும் நீ வாசல் தாண்டக்கூடாது. நல்லது கெட்டது ஒண்டிலயும் கை வைக்கேலாது. சனம் என்ன சொல்லும்?"

"லவன் கையெழுத்துக் கேக்கிறான், பெரியத்தான்."

"அது வீட்டுக்குள்ள விஷயம்," என்றார் அவர். "வீட்டுக்குள்ள வைக்கிற கையெழுத்துக்கு என்ன துடக்கு?"

சொல்லும்போது அவருடைய வெள்ளை வேட்டியில், தொடைக்கு மேலே, மஞ்சளாக ஒரு கறை காய்ந்திருந்தது. அன்று காலை ஏதோ வேலையாகக் காரில் வெளியே போய் வந்திருந்தார். துடக்கு வீட்டில் எட்டு வரைக்கும் மச்சம் மாமிசம் கூடாது என்று குசினியில் முட்டையைக்கூட எடுத்து ஒளித்துவைக்கச் சொன்ன மனிதர். டென்மார்க்கில் இவ்வளவு காலம் இருந்தவளுக்கு ரெமுலாட் சோஸ் எது, மஞ்சள் எது என்று தெரியாதா? பொல்ஸக் கடையில் நின்று சொஸேஜில் அதைப் பிதுக்கி ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார். தமையனுக்குத் துடக்கு பாதைக்குப் பாதை மாறும் போலிருக்கிறது.

மகள் சாரங்கிக்கு இவை எதுவும் முழுதாகத் தெரியாது. அவள் இங்கே பிறந்தவள். ஒடென்சேயில் முதியோர் இல்லமொன்றில் பொறுப்பாக இருக்கிறாள். தகப்பன் செத்தது அவளுக்குக் கண்ணில் வரவில்லை, தோளில் வந்திருந்தது. ஒரு பக்கத்துத் தோளைத் தூக்கியபடியே திரிந்தாள். அம்மா, எங்களோடு வந்து இருங்கோவன் என்று ஒருதடவை சொன்னாள். சொல்லும்போது தாயைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தாள். தங்கமலருக்கு அது போதுமாக இருந்தது. பிள்ளை பொய் சொல்லப் பழகவில்லை.

எட்டன்று விடியவே சமையல் தொடங்கியது. செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைக்க வேண்டும். பொழுதுபட்டபின் அதில் ஒரு பங்கைச் சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். வைத்தவர் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். ஆட்டிறைச்சி, மீன் பொரியல், இறால், றோல்ஸ், உழுந்துவடை, முறுக்கு, ஒரு போத்தல் பியர். தம்பிக்கு இதுதான் பிடிக்கும், அதுதான் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகப் பரராசசிங்கம் சொல்லச் சொல்ல, அவையெல்லாம் பரராசசிங்கத்துக்குப் பிடித்தவை என்று தங்கமலர் கவனித்தாள். நித்தியானந்தனுக்கு இறால் ஒத்துக்கொள்வதே இல்லை, உடம்பு தடித்துவிடும். எல்லாவற்றையும் சமைத்தாள். பிறகு ஒருவரும் பார்க்காத நேரம் குளிர்ப்பெட்டியின் பின்பக்கத்திலிருந்து லிவர்போஸ்டைப் பெட்டியை எடுத்து, ஒரு துண்டு கறுத்தப் பாணில் தடிப்பாகப் பூசி, மேலே வினாகிரியில் ஊறிய வெள்ளரிக்காய் இரண்டு வட்டம் வைத்து, வாழையிலைத் துண்டுக்குக் கீழே தட்டில் மறைத்தாள். பன்றி ஈரல். ஊருக்கெல்லாம் மரக்கறிக்காரனாக வெள்ளிக்கிழமை விரதம் பிடித்த மனிதர், வேலையால் வந்ததும் குசினியில் நின்றபடி, கோட்டும் கழற்றாமல், இதைத்தான் சாப்பிடுவார். அவள் கண்டும் காணாமல் இருப்பாள். அவளும் அவரும் மட்டும் அறிந்த ஒரே உண்மை அதுவாக இருந்தது.

படையலும் அழுகையும் முடிந்தன. சந்திக்குச் சாப்பாடு கொண்டுபோவது யார் என்று கேள்வி வந்தது. விமலாதேவிக்கு முழங்கால் வருத்தம், வெளியே மழைத்தூறல். தங்கமலர் எழும்பினாள்.

"நான் கொண்டுபோறன். என்ரை மனுசனுக்கு நான்தானே வைக்கவேணும்."

வாசல் தாண்டக்கூடாது என்றவர் ஒரு கணம் தடுமாறினார். ஆனால் வழக்கத்துக்கு எதிராக வழக்கம் வந்தால் அவர் என்ன செய்வார்? சந்தியை அவரே முதல்நாள் போய்ப் பார்த்து வைத்திருந்தார்: குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில், இரண்டு சைக்கிள் பாதைகள் குறுக்கிடுகிற இடம். நாலு பக்கமும் வழி போகிறது, நாற்சந்திதான் என்று முடிவு கட்டியிருந்தார்.

"ஆரோடயும் கதைக்காதை. வைச்சிட்டுத் திரும்பிப் பாராமல் வா," என்றார்.

சாரங்கி குடை பிடித்து வந்தாள். பெரிய தட்டு, மேலே வெள்ளைத் துணி. சந்தியில் ஒரு பலகை நின்றது. பறவைகளுக்கோ வேறெதற்கோ தீன் போட வேண்டாம், எலி பெருகுகிறது என்று சங்கம் நட்டது. இரண்டு பாதைகளின் நடுவில் தங்கமலர் நின்றாள். ஒரு சைக்கிள்காரி மணியடித்து விலகிப் போனாள். வலது கைப் பக்கம், புல்லுக்கு அப்பால், சங்கத்தின் பொது மண்டபத்தில் வெளிச்சம். கதவு திறந்திருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகக் குடையை உதறிவிட்டு உள்ளே போனார்கள்.

"அம்மா, இஞ்சைதானே வைக்கிறது?"

"எலி வருமெண்டு போட்டிருக்கு, பாக்கேல்லையோ?"

சாரங்கி பலகையைப் பார்த்தாள், மண்டபத்தைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். தூக்கியிருந்த தோள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கொஞ்சம் இறங்கியது.

"பெரியப்பா கேட்டால்?"

"திரும்பிப் பாக்கக்கூடாதெண்டுதானே சொன்னவர்," என்றாள் தங்கமலர். நேரே நடந்தாள்.

வாசலில் பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சங்கத் தலைவரான நெட்டைக் கிழவர் எழும்பி, கை கொடுக்கப் போய், தட்டைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார். இது என்ன என்று கேட்டார். நித்தியுடைய சாப்பாடு என்று அவள் டேனிஷில் சொன்னாள். அதற்குமேல் விளக்க அந்த மொழியில் வழியிருந்தாலும் அவளுக்கு மனமில்லை. அவர் விளங்கிக்கொண்டதுபோல் தலையாட்டி, தட்டை வாங்கிக் கோப்பிப் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு பச்சை அட்டையை அவளிடம் தந்தார்.

தொடங்குமுன் எல்லாரையும் எழும்பச் சொன்னார். காலமான அங்கத்தவர் நினைவுக்கு மரியாதை என்றார். பெயரை மூன்று விதமாக உடைத்து ஒருவாறு சொல்லி முடித்தார். எல்லாரும் எழுந்து தரையைப் பார்த்தார்கள். இந்தச் சனத்தோடுதான் மனுசன் சைக்கிள் கொட்டகைக்கும், பல்கனிக் கம்பி நிறத்துக்கும், படிக்கட்டு மணத்துக்கும் வருடக்கணக்காகச் சண்டை பிடித்தார். அவர் செத்ததில் இவர்களுக்கு ஒரு கூட்டம் சுருக்கமாக முடியும் என்ற நிம்மதி இருக்கத்தான் செய்யும். இருந்தாலும் நின்றார்கள். மரண அறிவித்தலை விட இது சுருக்கமாகவும் இருந்தது, பொய்யும் குறைவாக இருந்தது. இரண்டு வரிசைக்கு முன்னால் பிர்கித் நின்றாள். அவளுடைய நரைத்த பின்தலை மட்டும் தெரிந்தது.

பேச்சுக்கள் நீண்டன. ஒரு கிழவர் எழுந்து, தான் அதற்குள் செத்துவிடுவேன் என்று வழக்கம்போலத் தொடங்கினார். சிலர் சிரித்தார்கள். பிறகு அவர் தங்கமலர் இருந்த பக்கம் பார்த்து, வசனத்தை முடிக்காமலே இருந்துவிட்டார்.

அட்டையைத் தூக்கச் சொன்னபோது தங்கமலர் தூக்கினாள். கை லேசாக இருந்தது. தலைவர் எண்ணினார், நம்பாமல் இன்னொருவரைக் கொண்டு மறுபடி எண்ணினார். நிறைவேறியது. கொஞ்ச அட்டைகளால்தான். தன்னுடையது இல்லாவிட்டாலும் நிறைவேறியிருக்குமோ என்று அவள் கேட்கவில்லை. ஆட்கள் ஒழுங்காக, சத்தமில்லாமல் கை தட்டினார்கள்.

கோப்பி நேரத்தில் துணியை விலக்கியது யாரென்று அவள் காணவில்லை. றோல்ஸும் வடையும் இறாலும் போய்விட்டன. உறைப்பில் கண்ணீர் வழிய ஒருவர் இன்னொரு றோல் எடுத்தார். ஆவிக்கு வைத்த சோற்றைக் காகம் தின்னாவிட்டால் என்ன, வீட்டுக்காரர் சங்கம் தின்கிறது. அதில் நித்தியானந்தனுக்குச் சம்மதம் இருக்காது என்ற நினைப்பு அவளுக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது. தட்டில் கடைசியாக மிஞ்சியது வாழையிலையும் அதன்கீழே இருந்த பாண் துண்டும்தான்.

வெளியே சந்திக்கு வந்ததும், அதைக் குப்பையில் போடவா என்று சாரங்கி கேட்டாள். தங்கமலர் தட்டை மகளிடம் கொடுத்துவிட்டு, பாணை எடுத்து, தூறலில் நின்றபடி, கோட்டும் கழற்றாமல் சாப்பிட்டாள். வாழ்க்கையில் பன்றி அவள் வாயில் போனது அதுதான் முதல். உப்பு கூடிப்போயிருந்தது. மென்று விழுங்க நேரம் எடுத்தது. சாரங்கி குடையைக் கொஞ்சம் தாயின் பக்கம் சாய்த்தாள்.

வீட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். லவனும் வந்திருந்தான். மேசையில் தாள், தாளுக்கு மேலே பேனை, பேனைக்கு மூடியும் கழற்றியிருந்தது.

"சந்தி என்ன ஸ்வீடனிலயோ இருக்கு?" என்றார் பரராசசிங்கம். "எங்கை போனனீ?"

"கூட்டத்துக்கு."

விமலாதேவி வாயில் கை வைத்தாள்.

"துடக்கோடயோ? தம்பியின்ரை படையலோடயோ?"

"அங்கை எல்லாரும் எழும்பி நிண்டு கும்பிட்டவை, பெரியத்தான். நல்லாச் சாப்பிட்டவை. குத்தகை நீண்டுட்டுது."

லவனுடைய முகத்தில் வங்கி ஒருகணம் மூடித் திறந்தது. ஆனால் அவன் கெட்டிக்காரன். சிரித்தான். நல்லதுதானே சித்தி, எண்டாலும் எங்கட கதை எங்களுக்குள்ள இருக்கட்டும் என்று தாளை அவள் பக்கம் தள்ளினான்.

தங்கமலர் தாளைத் தொடவில்லை. பேனையின் மூடியை எடுத்துப் பேனையில் கவனமாகப் போட்டாள்.

"துடக்குக்கை கையெழுத்து வைக்கக்கூடாது, தம்பி. முப்பத்தொண்டு முடியட்டும். உன்ரை அப்பாதான் சொன்னவர்."

சாத்திரம் முழுவதும் பரராசசிங்கத்திடம்தான் இருந்தது. ஆனால் அன்று பின்னேரம் அதில் அவருக்கு வேண்டிய பக்கம் மட்டும் இல்லை. படத்தில் அவருடைய மோதிரக் கை தம்பியின் தோளை இன்னும் விடாமல் பிடித்திருந்தது.

மறுநாள் விடிய அவர்கள் புறப்பட்டார்கள். மிஞ்சிய ஆட்டிறைச்சியை விமலாதேவி கட்டி எடுத்துக்கொண்டாள். செத்த வீட்டிலிருந்து போகிறவர்கள் போய்வருகிறோம் என்று சொல்லக்கூடாது. சொல்லாமல் எழும்பிப் போக வேண்டும். நல்ல வழக்கம் என்று தங்கமலர் நினைத்தாள். முன்னோர்கள் ஏதோ கண்டுதான் வைத்திருக்கிறார்கள். முப்பத்தொன்றுக்கு அவர்கள் வருவார்கள், தாளும் வரும். அதற்கு அப்போது வேறொரு துடக்குக் கண்டுபிடித்தால் போயிற்று.

சனிக்கிழமை காலை சாரங்கி நித்திரையாக இருந்தாள். வந்தவர்கள் படுத்த விரிப்புகளும் தலையணை உறைகளும் ஒரு மலையாகக் கிடந்தன. குளியலறை இயந்திரத்துக்கு அது மூன்று நாள் வேலை. தங்கமலர் எல்லாவற்றையும் ஒரு நீலப் பையில் திணித்து, திறப்புக்கோர்வையை எடுத்துக்கொண்டு, எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நிலவறைக்கு இறங்கினாள்.

பூட்டு அங்கேதான் இருந்தது. சனிக்கிழமை, காலைத் துளை, அவர்களுடைய வீட்டு இலக்கம். அவர் போட்டது போட்டபடி. இடையில் ஒரு சனிக்கிழமை சும்மா வந்து போயிருக்கிறது. சங்க விதிப்படி எவரும் கழற்றி எறிந்திருக்கலாம். எறியவில்லை. எண்ணெய்கூடப் போட்டு வைத்திருந்தார் மனுசன், பளபளத்தது. ஒருபோதும் துணி துவைக்காத பூட்டுக்கு எண்ணெய்.

அவள் இரண்டு இயந்திரத்தையும் நிரப்பினாள். பரராசசிங்கம் படுத்த விரிப்பைத் தொண்ணூறு பாகையில் போட்டாள். இயந்திரங்கள் சுற்றத் தொடங்கியபோது பிர்கித் ஒரு பழைய சைக்கிள் டயரோடு நிலவறைக்குள் வந்தாள். தங்கமலரைக் கண்டு நின்றாள். கொஞ்சநேரம் இரண்டுபேரும் சுற்றுகிற விரிப்பைப் பார்த்தார்கள்.

இனிமேல் சனிக்கிழமையை நீ எடுத்துக்கொள்ளலாம் என்று தங்கமலர் சொன்னாள். திறப்பைக் கையில் எடுத்தாள். எங்களுக்கு மேலே இயந்திரம் இருக்கிறது, அவர் சும்மாதான் போட்டு வைத்திருந்தார் என்றும் சொன்னாள். அவ்வளவையும் சொல்லி முடித்ததும் காது சுட்டது.

"சனிக்கிழமையா?" என்றாள் பிர்கித். யோசித்தாள். "சனிக்கிழமை நான் பேரப்பிள்ளைகளிடம் போய்விடுவேன். எனக்குச் செவ்வாய்தான். எவ்வளவோ காலமாகச் செவ்வாய்தான்."

"முந்திச் சனிக்கிழமை கேட்டாயே?"

"கேட்டேனா?" பிர்கித்துக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. டயரைத் தோளில் மாட்டினாள். போகும்போது பலகையைக் காட்டி, "ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் அவர் வருகிற சத்தம் மேலே எனக்குக் கேட்கும்," என்றாள். "அதைக் கேட்டுத்தான் நான் பஸ்ஸுக்கு இறங்குவேன்."

அவள் போனபிறகும் தங்கமலர் திறப்போடு நின்றாள். திறப்பைப் பூட்டில் போட்டுத் திருப்பினாள். தடையே இல்லாமல் திறந்தது. திறந்த பூட்டு உள்ளங்கையில் கொஞ்சநேரம் கிடந்தது. மேலே யாரோ படியில் இறங்கி, கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள்.

விரிப்புகள் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். நடையில் முக்காலி, முக்காலிக்குக் கீழே ஒற்றைச் சப்பாத்து. கீழே பலகையில், சனிக்கிழமைக் காலைத் துளையில், பூட்டு பூட்டியிருந்தது.